டிசம்பர் கச்சேரிக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள குன்னூர் மக்களுக்கு,

வணக்கம். எங்கள் கொயரின் (சேர்ந்து பாடும் குழுவின்) டிசம்பர் கச்சேரி நல்லபடியாக முடிந்தது. வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, கோத்தகிரி என்று நாலா பக்கமிருந்தும் வந்த 36 பேர் மேடையில் நின்று பாடினோம். கைதட்டல் எங்களுக்குக் கிடைத்தது. அதில் பாதிக்கு மேல் மேடை ஏறாதவர்களுக்குச் சேரவேண்டியது. பொத்தாம்பொதுவாக 'அனைவருக்கும் நன்றி' என்று முடித்துக்கொள்ள மனம் வரவில்லை. யார் என்ன செய்தார்கள் என்று விவரமாகவே எழுதுகிறோம்.

முதலில் ஆசாரி அண்ணனுக்கு. சில்வர் ஓக் பலகையில் மூன்று படி செய்து கொடுத்தார். ஒவ்வொரு படியும் 8 அங்குல உயரம், 18 அங்குல அகலம். பின்வரிசைக் குரல் முன்வரிசையின் தலைக்கு மேலே போனால்தான் கடைசி நாற்காலி வரை எட்டும். எல்லோரும் சமதரையில் நின்றால் முன்னால் நிற்பவரின் ஸ்வெட்டரிலேயே பாட்டு அடங்கிவிடும். ஆணி அடித்த படியில் ஆள் எடை மாற்றி நிற்கும்போதெல்லாம் பலகை ஆணியோடு உரசிக் கிறீச்சிடும். மெல்லப் பாடும் இடத்தில் அது இடி மாதிரிக் கேட்கும். அதனால் அத்தனையும் ஸ்க்ரூ போட்டே முடுக்கினார், கால்களுக்கு அடியில் பழைய டயர் ரப்பரும் வைத்தார். மேல்படிக்குப் பின்னால் ஒரு கைப்பிடிக் கட்டையும் உண்டு. அதை நாங்கள் கேட்கவில்லை, அவராகவே வைத்தது.

அடுத்து, ஹாலைப் பார்த்துக்கொள்ளும் ஐயாவுக்கு. ஐப்பசி, கார்த்திகையில் குன்னூர் மழையும் மூட்டமும் பியானோவுக்கு எமன். உள்ளிருக்கும் ஒலிப்பலகை ஈரத்தை இழுத்து உப்பும், தந்திகள் இறுகும், சுருதி ஏறும். எல்லாத் தந்தியும் ஒரே அளவு ஏறினால்கூடச் சமாளிக்கலாம். நடுப்பகுதி கூடுதலாகவும் ஓரங்கள் குறைவாகவும் ஏறுவதால்தான் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு (கார்ட்) அத்தனையும் புளித்துப்போகிறது. பியானோவின் கீழ்ப்பலகைக்கு உள்ளே, மரத்திலும் கம்பளித் துணியிலும் படாமல், 40 வாட் குண்டு பல்பு ஒன்றை இரவு பகலாக எரியவிட்டார் ஐயா. மின்சாரம் போய் வந்த ஒவ்வொரு முறையும் குனிந்து, பல்பு எரிகிறதா என்று பார்த்தார். கோவையிலிருந்து வந்த சுருதி சேர்ப்பவரும் எங்கள் நன்றிக்கு உரியவர். பியானோவை இடம் மாற்றிய அன்றைக்கே கை வைக்க மறுத்து, இரண்டு நாள் நிற்கவிட்டு, அந்த அறையின் குளிருக்குப் பழகிய பிறகே ஏ 440-க்குச் (ஏ ஸ்வரம் நொடிக்கு 440 அதிர்வு என்ற பொதுச் சுருதிக்குச்) சேர்த்தார். சுருதி நின்றது.

எங்கள் கொயர் மாஸ்டருக்கு எப்படி நன்றி சொல்வது? பக்கவாத்தியம் இல்லாமல் பாடினால் எந்தக் கொயரும் சுருதி இறங்கும். இரண்டு பக்கம் தாண்டுவதற்குள் அரை ஸ்வரம் போய்விடும். ஸ்வரம் ஏறும்போது படியைச் சின்னதாகவும் இறங்கும்போது பெரிதாகவும் வைப்பதுதான் முக்கியக் காரணம். காந்தாரமும் நிஷாதமும் சோம்பும் இடங்களைப் பென்சிலால் மேல்நோக்கி அம்பு போட்டுக் காட்டினார். பாட்டு முடிந்ததும் இசைக்கவையைத் தட்டி எவ்வளவு இறங்கினோம் என்று கேட்கவைத்தார். பன்னிரண்டு ஞாயிறும் இதே பாடம்.

தமிழ்ப் பாட்டுக்கு இன்னொரு தொல்லை உண்டு. நான்கு குரலுக்கு மெட்டமைக்கும்போது குறில் நீண்ட ஸ்வரத்தில் விழுந்தால் 'விடு' என்பது 'வீடு' ஆகிவிடும், 'படம்' என்பது 'பாடம்' ஆகிவிடும். அப்படிப்பட்ட இடங்களில் சுருக்கமாகப் பாடிவிட்டு மிச்சத்தை மௌனமாக விடச் சொன்னார். சில இடங்களில் ஆல்டோவின் (பெண்களின் தாழ்ந்த குரல் பகுதியின்) வரியையே மாற்றி எழுதினார். சொல் முடிவில் வரும் 'ம்' அடுத்த சண்டை. ஆளுக்கொரு நேரத்தில் வாயை மூடினால் தேனீக்கூடு மாதிரி இருக்கும். அவர் விரல் மூடும்போதுதான் 36 வாயும் மூடவேண்டும் என்பது சட்டம். இந்தச் சட்டம் எங்களுக்குப் பிடித்துப்போயிற்று.

புதிதாகச் சேர்ந்த பதினோரு பேருக்கும் நன்றி. 'எனக்குப் பாட வராது' என்று சொல்லிக்கொண்டே வந்தவர்களில் பலருக்குக் குறை குரலில் இல்லை. பியானோ கொடுக்கும் ஸ்வரத்தைப் பிடிக்கத் தெரியாதவர், பக்கத்தில் ஒரு மனிதக் குரல் பாடினால் சட்டென்று பிடித்துக்கொள்கிறார். யார் எந்தக் குரல் பகுதி என்று பிரிக்கும்போது எட்டக்கூடிய உச்ச ஸ்வரத்தைப் பார்ப்பதில்லை. எந்த உயரத்தில் அரைமணி நேரம் சிரமமில்லாமல் இருக்கமுடிகிறது என்றுதான் பார்க்கிறோம். சமவெளியிலிருந்து வந்து சேர்ந்த இருவர் கச்சேரிக்கு மூன்று நாள் முன்பே மலையேறினார்கள். அது புத்திசாலித்தனம். 1,850 மீட்டரில் காற்று மெலிந்தது; முதல் இரண்டு நாள் நீண்ட வரிகளில் மூச்சு முந்திக்கொண்டு தீரும். பக்கத்தில் நிற்பவர் மூச்சு வாங்கும் இடத்தில் நாம் வாங்காமல் மாற்றி மாற்றி வாங்குவதையும் அவர்கள் சீக்கிரமே கற்றுக்கொண்டார்கள்.

ஒலிபெருக்கித் தம்பி, ஆளுக்கொரு மைக் கேட்டவர்களுக்கு இடம் கொடுக்காமல், தலைக்கு மேலே உயர்த்திய இரண்டே மைக்கில் முடித்தார். அதனால்தான் தனிக்குரல் எதுவும் துருத்தவில்லை. டீக்கடை அக்கா ஒவ்வொரு ஞாயிறும் இஞ்சி தட்டிப்போட்ட வெந்நீர் கொடுத்தனுப்பினார். பாடுவதற்கு முன் பால் டீ கேட்டால் கண்டிப்பாகத் தரமாட்டார். கோத்தகிரி கடைசி பஸ் டிரைவரும் கண்டக்டரும் எங்கள் ஆட்களை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் விசில் கொடுத்தார்கள்.

கேட்க வந்த உங்களுக்கும் ஒரு வார்த்தை. காலி ஹாலில் ஒத்திகை பார்க்கும்போது கற்சுவரில் எதிரொலி அலைந்து சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். நீங்கள் சால்வையும் ஸ்வெட்டருமாக வந்து உட்கார்ந்ததும் அந்த எதிரொலியை உங்கள் கம்பளியே உறிஞ்சிக்கொண்டது. ஒவ்வொரு சொல்லும் தெளிந்தது. குளிரில் கதவை இழுத்து மூடி, இரண்டு பாட்டுக்கு நடுவில் மட்டும் இருமியவர்களை நாங்கள் கவனித்தோம்.

ஈஸ்டர் கச்சேரிக்கான ஒத்திகை பொங்கல் முடிந்த முதல் ஞாயிறு மூன்று மணிக்கு, அதே ஹாலில். டெனாரில் (ஆண்களின் உயர்ந்த குரல் பகுதியில்) ஆறு பேர்தான் இருக்கிறோம், பத்துப் பேர் வேண்டும். நான்கு கறுப்பு ஃபைல்கள் இன்னும் திரும்பி வரவில்லை; மாஸ்டர் போட்ட பென்சில் அம்புகள் அவற்றில்தான் இருக்கின்றன. எடுத்துப்போனவர்கள் அழிக்காமல் கொண்டுவந்து ஐயாவிடம் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
கொயரில் பாடும் 36 பேர்