புகார்: மூன்று முறை பணம் வாங்கிக்கொண்டு ஒருமுறைகூடச் சோதிக்காத உங்கள் சர்வீஸ் சென்டர்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைத் தலைமை அதிகாரி, தலைமை அலுவலகம்
நகல்: மேலாளர், கோவை சர்வீஸ் சென்டர்
நாள்: 18 ஜூலை 2025
பொருள்: 2017 மாடல் டீசல் கார், ஏற்றத்தில் இழுவை இல்லாதது, ஐடிலிங்கில் (வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது) உதறல். ரூ. 22,450 திரும்பக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். இதே விஷயத்துக்காக நான் உங்களுக்கு அனுப்பும் ஆறாவது மின்னஞ்சல் இது. முந்தைய ஐந்துக்கும் வந்த பதில்களில் தேதியைத் தவிர ஒரு எழுத்துகூட மாறவில்லை. போதாக்குறைக்கு "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று இரண்டு முறை எஸ்.எம்.எஸ். தீர்ந்தது என் பொறுமைதான். அதனால் இந்தமுறை சுருக்கமாக எழுதப்போவதில்லை. தயவுசெய்து ஒரு மனிதர் உட்கார்ந்து கடைசிவரை படியுங்கள்.

நான் பொள்ளாச்சிக்காரன். எலெக்ட்ரானிக் தராசு பழுது பார்ப்பது தொழில். வாராவாரம் வியாழக்கிழமை வால்பாறை எஸ்டேட்களுக்குப் போயாக வேண்டும். ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவு. பின்சீட்டை மடக்கிப் போட்டு 20 கிலோ எடைக்கல் எட்டு ஏற்றிக்கொண்டு எட்டு வருடமாக இந்த வண்டியில்தான் ஏறி இறங்குகிறேன். 1,12,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஆயில் மாற்றுவதுகூட உங்கள் சர்வீஸ் சென்டரில்தான்; இந்தத் தொல்லை வரும்வரை வெளியே விட்டதே இல்லை. வண்டி நல்ல வண்டி. அதைச் சொல்லிவிடுகிறேன்.

பிப்ரவரி கடைசியில் தொல்லை ஆரம்பித்தது. சமதளத்தில் ஒன்றும் தெரியாது. ஏற்றத்தில் மூன்றாவது கியரில் மிதித்தால் இழுக்காது, பின்னால் கரும்புகை தள்ளும், கொஞ்ச தூரத்தில் செக் இன்ஜின் விளக்கு எரியும். அதற்கப்புறம் ஆக்சிலரேட்டரைத் தரையோடு தரையாக மிதித்தாலும் 3,000 ஆர்.பி.எம்.மைத் தாண்டாது. ஓரங்கட்டி, அணைத்து, மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும், அடுத்த ஏற்றம் வரைக்கும். இது ஒன்று. இன்னொன்று, காலையில் ஸ்டார்ட் செய்ததும் வண்டி உதறும். டேஷ்போர்டில் வைத்த சில்லறைக் காசு நகர்ந்து நகர்ந்து கீழே விழும். இரண்டையும் தனித்தனியாகச் சொல்லி, ஜாப் கார்டில் அப்படியே எழுதுங்கள் என்று கேட்டேன். எழுதியது: "பிக்கப் குறைவு, ஜெனரல் செக்கப்." அவ்வளவுதான்.

மலையில் ஓட்டிப் பாருங்கள், அல்லது ஆனைமலைப் பக்கம் ஏதாவது ஒரு ஏற்றத்திலாவது பாரம் ஏற்றி ஓட்டிப் பாருங்கள் என்று நான் சொன்னது எத்தனை முறை என்று எனக்கே கணக்கில்லை. உங்கள் ஆள் சிக்னல் வரைக்கும் போய்த் திரும்பி வந்து, "நல்லாத்தான் போகுதுங்க சார்" என்றார். சிக்னல் வரை எனக்கும் நல்லாத்தான் போகிறது.

இங்கே உங்கள் சர்வீஸ் அட்வைசர் ஒருவரைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். பெயர் ஜாப் கார்டில் இருக்கிறது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். டீ டம்ளரை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்க்கக்கூட மனமில்லாமல், கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தபடியே பேசுவார். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுமே டர்போ, அதன் காற்று போகும் ஹோஸ்களைப் பார்த்தீர்களா என்று ஒரு கேள்வி கேட்டேன். அதற்கு அவர், "சார், யூடியூப் பார்த்துட்டு வந்து எங்களுக்கு வேலை சொல்லித் தராதீங்க. எடைக்கல்லைத் தூக்கிப் போட்டுட்டு மலை ஏத்துனா வண்டி இப்படித்தான் ஆகும். வண்டிக்கும் வயசாயிடுச்சு. எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் இருக்கு, புதுசு பாருங்க" என்று சொல்லி, சாவியைக் கவுண்டர் மேல் எறிந்தார். கொடுக்கவில்லை, எறிந்தார். அது வழுக்கிக்கொண்டு போய் என் பக்கம் தரையில் விழுந்தது. நான் குனிந்து எடுத்தேன். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு 52 வயது. பணத்தைக்கூட விடுங்கள், அந்தக் குனிந்த நேரம் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

கோபத்தில் முன்னுக்குப் பின் சொல்கிறேன், மன்னிக்கவும். செலவைச் சொல்லிவிடுகிறேன். மார்ச்சில் டீசல் ஃபில்டரும், டீசலைப் பீச்சும் இன்ஜெக்டருக்குக் கிளீனிங் என்று டேங்கில் ஊற்றிய ஒரு பாட்டிலும்: 4,850. ஏப்ரலில் காற்று அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சார் புதுசு: 11,200. மே மாதம், புகையில் கொஞ்சத்தை இன்ஜினுக்கே திருப்பி விடும் இ.ஜி.ஆர். வால்வைக் கழற்றிக் கரி எடுத்தது: 6,400. ஆகமொத்தம் 22,450 ரூபாய். ஒவ்வொரு முறையும் "இத்தோட சரியாயிடும்" என்றார்கள். ஒவ்வொரு முறையும் அடுத்த வியாழக்கிழமையே ஒன்பதாவது வளைவில் நின்றேன். கீழே ஆழியாறு அணை தெரியுமே, வரையாடு பார்க்க எல்லாரும் வண்டியை நிறுத்துவார்களே, அதே இடம். எல்லாரும் ஆடு பார்க்க நிற்பார்கள், நான் இன்ஜினை அணைத்துப் போட நிற்பேன். மே கடைசியில் ஒரு நாள் சாயங்காலம், மூடுபனியில், பின்னால் அரசுப் பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டே வர, முதல் கியரில் ஊர்ந்தேன். அன்றைக்கு உயிர் போயிருக்கும். போகவில்லை, அது பேருந்து ஓட்டுநர் புண்ணியம்.

ஜூன் 14, சனிக்கிழமை. இதை மட்டும் தேதியோடு எழுதுகிறேன். இரண்டு நாள் முன்னதாக வண்டியை விட்டிருந்தேன். காலை ஒன்பதரைக்கு உங்கள் சென்டரிலிருந்து போன்: "வண்டி ரெடி, வந்து எடுத்துக்கோங்க." பொள்ளாச்சியில் பஸ் ஏறி உக்கடத்தில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோ. போய்ப் பார்த்தால் வண்டி நான் விட்ட இடத்திலேயே நிற்கிறது. கண்ணாடி முழுக்கத் தூசி. வைப்பரில் நான் செருகி வைத்த பார்க்கிங் சீட்டுகூட அப்படியே இருக்கிறது. பானெட்டையே திறக்கவில்லை. போன் செய்தது யார் என்று கேட்டால், "அது கால் சென்டர்ல இருந்து வரும் சார், எங்களுக்கும் அவங்களுக்கும் சம்பந்தம் இல்லை." மூன்றரை மணி வரை உட்கார வைத்து, சோதித்தே பார்க்காமல் ஒரு எஸ்டிமேட் நீட்டினார்கள். டர்போ புதுசு, நான்கு இன்ஜெக்டரும் புதுசு, லேபர் சேர்த்து 1,46,000 ரூபாய். இன்றைக்கு இந்த வண்டியை விற்றால் எனக்கு வருவதில் பாதி அது. சாவி எறிந்ததும் அன்றைக்குத்தான்.

நான் கையெழுத்துப் போடவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இனி வருவதுதான் நீங்கள் படிக்க வேண்டிய பகுதி. பொள்ளாச்சியில் ஒரு டீசல் மெக்கானிக். ஷெட்டுக்குத் தகரக் கூரை, பெயர்ப் பலகை கிடையாது. உங்கள் முதல் ஜாப் கார்டோடு இருந்த ஸ்கேனர் சீட்டைக் காட்டினேன். பி0299 என்று ஒரே ஒரு பழுதுக் குறியீடு. "டர்போ காத்து பத்தலைன்னு வண்டியே சொல்லுதுங்களே. டர்போ போச்சுன்னு சொல்லலியே. காத்து எங்கியோ ஒழுகுதான்னு பாப்பமுங்க" என்றார். ஏர் ஃபில்டர் பக்கத்துக் குழாயைக் கழற்றி, ஒரு தகர மூடியில் சைக்கிள் வால்வு பொருத்தி அடைத்தார். கம்ப்ரஸரில் கொஞ்சமாகக் காற்று விட்டு, சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு ஹோஸ் மேலும் தெளித்தார். பஞ்சர் கடையில் டியூபைத் தொட்டியில் முக்கிப் பார்ப்பார்களே, அதேதான். டர்போ காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸின் அடிப்பக்கம், கிளாம்ப்பை ஒட்டி, நுரை பொங்கியது. கையை வைக்கச் சொன்னார். ஆயில் பிசுபிசுப்பு. கழற்றி வளைத்துக் காட்டினார்: இரண்டு மடிப்புக்கு நடுவே என் கட்டை விரல் நீளத்துக்கு வெடிப்பு. சும்மா இருக்கும்போது மூடிக்கொண்டிருக்கிறது, ஏற்றத்தில் டர்போ அழுத்தும்போது வாயைத் திறக்கிறது. சென்சார் அளந்து அனுப்பிய காற்று வழியிலேயே ஒழுகிவிட, டீசல் மட்டும் கணக்குப்படி விழுந்தால் கரும்புகை வராமல் என்ன வரும்? நீங்கள் 11,200 ரூபாய்க்கு மாற்றிய சென்சாருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

உதறலுக்கு நான்கு காலி தண்ணீர் பாட்டில் எடுத்தார். நான்கு இன்ஜெக்டரிலும் மிச்ச டீசல் திரும்பிப் போகும் ரிட்டர்ன் குழாயில் ஒவ்வொரு பாட்டிலாக மாட்டி, வண்டியை ஐடிலிங்கில் விட்டார். மூன்று பாட்டிலில் விரலளவு டீசல் நின்றபோது மூன்றாவது சிலிண்டர் பாட்டிலில் பாதிக்கு வந்துவிட்டது; அந்த இன்ஜெக்டர்தான் ஒழுகுகிறது என்று அர்த்தம். அந்த ஒன்றை மட்டும் கழற்றி இன்ஜெக்டர் பழுது பார்க்கும் கோவை பம்ப் ரூமுக்கு அனுப்பி, பெஞ்சில் டெஸ்ட் செய்து, நாசிலும் வால்வும் மாற்றி வாங்கினோம். 7,300 ரூபாய். மற்ற மூன்றும் இன்றுவரை நன்றாக இருக்கின்றன. நீங்கள் நான்கையும் மாற்றச் சொன்னீர்கள்.

இன்னொன்றும் பார்த்தார். மே மாதம் கழற்றிச் சுத்தம் செய்ததாக பில் போட்ட இ.ஜி.ஆர். வால்வின் போல்ட் தலைகளில் பழைய ஆயில் அழுக்கு ஒரே பாளமாக அப்படியே இருந்தது. ஸ்பேனர் பட்ட அடையாளமே இல்லை. படம் எடுத்து இணைத்திருக்கிறேன். இதற்கு நீங்கள் என்ன பெயர் வைப்பீர்களோ தெரியாது, எங்கள் ஊரில் ஒரு பெயர் உண்டு.

அந்த ஹோஸ் வாங்க உங்கள் ஸ்பேர்ஸ் கவுண்டருக்குத்தான் போனேன், ஒரிஜினல் வேண்டும் என்று. விலை 2,300. கவுண்டரில் இருந்த பையன் பார்ட் நம்பரைத் தேடவே இல்லை. கையை நீட்டிப் பின்னால் இருந்த ரேக்கிலிருந்து எடுத்துப் போட்டான். "இந்த மாடலா, இது அடிக்கடி போறதுதானுங்களே சார், எப்பவும் நாலு ஸ்டாக் வெச்சிருப்போம்" என்றான்.

அந்தப் பையனுக்குத் தெரிந்தது பத்தடி தள்ளி உட்கார்ந்திருக்கும் அட்வைசருக்கு எப்படித் தெரியாமல் போனது? உங்கள் வண்டி, உங்கள் ஹோஸ், எங்கே வெடிக்கும் என்று உங்கள் ரேக்குக்கே தெரிகிறது. தெரிந்தே மறைத்தீர்களா, அல்லது பார்க்கச் சோம்பலா? இரண்டில் எதுவானாலும் எழுத்தில் பதில் வேண்டும். நானும் சர்வீஸ் வேலைதான் செய்கிறேன். தராசு தப்பாகக் காட்டுகிறது என்று சொன்னால் முதலில் எடைக்கல்லை நடுவிலும் நான்கு மூலையிலும் வைத்துப் பார்ப்பேன். பார்க்காமல், எடையை உணரும் லோட் செல்லை மாற்றச் சொல்லிக் காசு வாங்கினால் எஸ்டேட்காரர் அடுத்த வாரம் கேட்டுக்குள் விடமாட்டார்.

அப்படி விடாமலும் போனார்கள். மூன்று வியாழக்கிழமை போக முடியாமல் ஒரு எஸ்டேட்டின் வருடக் கான்ட்ராக்ட் கைவிட்டுப் போனது. என் தொழிலையே அழித்துவிட்டீர்கள். வருடம் இரண்டு லட்சம் வரும் வேலை. சரி, ஒன்றரை லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்கெல்லாம் ஐந்து லட்சம் கேட்டாலும் தகும் என்று என் மனைவி சொல்கிறாள். நான் அவ்வளவு கேட்கவில்லை.

கேட்பது இதுதான். 22,450 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள். செய்யாத இ.ஜி.ஆர். வேலைக்கு எப்படி பில் போட்டார்கள் என்று விளக்கம் கொடுங்கள். கழற்றிய பழைய சென்சாரைத் தாருங்கள். அது என் பொருள், அன்றைக்கே கேட்டதற்கு "ஸ்கிராப்ல போட்டாச்சு" என்றார்கள். சாவியை எறிந்தவர் போனிலாவது மன்னிப்புக் கேட்க வேண்டும். இதில் பணத்துக்குக்கூடத் தவணை தருவேன், கடைசியில் சொன்னதற்குத் தரமாட்டேன்.

15 நாள் காத்திருப்பேன். அதற்குள் சரியான பதில் வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்வேன். பிறகு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் சேவைக் குறைபாடு வழக்கு. நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல்கூடக் கட்டாயம் இல்லை. எல்லாம் விசாரித்துவிட்டேன். மிரட்டுவதாக நினைக்க வேண்டாம். எட்டு வருடம் உங்களை நம்பி வந்தவன், இன்றைக்கும் பேசித் தீர்க்கவே விரும்புகிறேன். ஆனால் இன்னொரு முறை "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று மெசேஜ் வந்தால் 15 நாளும் காத்திருக்கமாட்டேன்.

வெடித்த ஹோஸ் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. மூன்று பில், ஜாப் கார்டுகள், ஸ்கேனர் சீட்டு, எஸ்டிமேட், போல்ட் படங்கள், மெக்கானிக் ரசீது ஆகியவற்றின் நகல்கள் இணைப்பில்.

போனில் கூப்பிடுவதானால் வியாழக்கிழமை வேண்டாம். வண்டி இப்போது ஏறுகிறது, அன்று வால்பாறையில் இருப்பேன், அங்கே பாதி இடத்தில் சிக்னல் கிடைக்காது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
பொள்ளாச்சி