தகடு கடைசியில்தான்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, பிடிமானம் இல்லாமல் மாடி ஏறுகிறாள் என்று படித்ததும் இங்கே எல்லோருக்கும் நிம்மதி. பேரனுக்கு நீ பால்சா மரத்தில் கிளைடர் செய்து கொடுக்க ஆரம்பித்திருப்பதும் சந்தோஷம். இறக்கையின் குறுக்கு விலா இருக்கிறதே, ரிப், அதை அவனையே வெட்டச் சொல். கை பழகட்டும்.

என் விமானத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். பறக்கிறது. ஓடுபாதையில் பனி உருகியதுமே எடுத்துவிட்டேன். கையை விட்டால் இடது இறக்கை தாழ்கிறது என்று போனில் சொன்னேன் அல்லவா, அதற்கு நீ, "இறக்கையின் பின் விளிம்பில் ஏறி இறங்கும் அய்லரானில் ஒரு சின்னத் தகடு வைத்து வளைத்துவிடு, முடிந்தது வேலை" என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளப் பதில்.

நீ ஹன்சா பயிற்சி விமானத்தோடு இருந்தவன். அச்சில் வார்த்த கம்போசிட் இறக்கையைப் பிறகு முறுக்க வழியில்லை, அதனால் உனக்குத் தகடு முதலில் ஞாபகம் வருவது இயல்புதான். என்னுடையது பீட்டன்போல் ஏர் கேம்பர். மினசோட்டாவில் செர்ரி குரோவ் என்ற சிற்றூரில் பெர்னார்ட் பீட்டன்போல் என்ற மெக்கானிக், 1929-இல் ஃபோர்டு மாடல் ஏ கார் எஞ்சினைப் பொருத்திப் பறக்கவிட்ட மர விமானம். இறக்கை உடலோடு ஒட்டாது. தலைக்கு மேலே நான்கு குட்டிக் கால்களில் நிற்கும். உடலின் அடியிலிருந்து இரண்டு பக்கமும் முன்னொன்று பின்னொன்றாக ஸ்ட்ரட்கள் என்ற தாங்கு குழல்கள் போய் அதைத் தாங்கும். நான் வைத்திருக்கும் ஸ்ட்ரட்களின் முனையில் மரையுள்ள ஃபோர்க் (கவட்டை) இருப்பதால், ஒவ்வொன்றின் நீளத்தையும் கூட்டிக் குறைக்கலாம். ஹாஸ்டல் மொட்டை மாடியில் பட்டத்துக்குச் சூத்திரம் கட்டுவாயே, ஒரு நூலை விரல் நகம் அளவு இழுத்தால் பட்டம் எந்தப் பக்கம் குத்தும் என்று உனக்குத் தெரியுமே, அதே வித்தைதான் இங்கேயும்.

முதலில் எடைச் சமநிலை. நான் போட்டிருப்பது கான்டினென்டல் ஏ-65 விமான எஞ்சின். பழைய ஃபோர்டு எஞ்சினைவிட இது நன்றாகவே லேசு. போதாததற்கு விமானி உட்காருவது பின் இருக்கையில். அதனால் வால் கனத்துவிடும். பீட்டன்போல்காரர்கள் இதற்குச் செய்வது, குட்டிக் கால்களைப் பின்னால் சாய்த்து இறக்கையையே மூன்று நான்கு அங்குலம் தள்ளி வைப்பது. இறக்கையின் அகலம் 60 அங்குலம். முன் விளிம்பிலிருந்து 20 அங்குலத்துக்குப் பின்னால் ஈர்ப்பு மையம் போகக் கூடாது. நானும் அப்படியே தள்ளி, மூன்று தராசுகளில் நிறுத்திக் கணக்குப் பார்த்த பிறகுதான் மற்றதைத் தொட்டேன். இது சரியில்லாமல் வேறெதைத் திருகினாலும் வீண்.

அப்புறம் நேர் பார்க்கிற வேலை. வாலை முக்காலியில் தூக்கி வைத்து, காக்பிட் விளிம்பில் ரசமட்டம் வைத்து, நீளவாக்கிலும் குறுக்கிலும் மட்டம் செய்தேன். இறக்கையின் இரண்டு நுனியிலிருந்தும் வால் கட்டைக்கு அளவு நாடா பிடித்து அளந்தால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். முன் விளிம்பிலிருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில் சாக்பீஸால் குறித்துக்கொண்டேன். கோணத்துக்கு டிஜிட்டல் லெவல். விமானத்தின் நடுவை ஒட்டிய வேர்ப் பக்க ரிப்பில் ஒன்று, ஸ்ட்ரட் பிடிக்கும் இடத்து ரிப்பில் ஒன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் முறுக்கு. வலது பக்கத்தைவிட இடது பக்கத்தில் முறுக்கு கிட்டத்தட்ட அரை டிகிரி கூடுதலாக இருந்தது. நுனி கீழ்நோக்கிப் பார்க்கும் இறக்கைக்குத் தூக்குவிசை குறையும், அது தாழத்தான் செய்யும். உன் தகட்டை வைத்திருந்தால் இந்த அரை டிகிரி அப்படியே உள்ளே உட்கார்ந்திருக்கும். நேராகப் பறப்பதற்கே ஒரு அய்லரான் எப்போதும் கொஞ்சம் இறங்கி நிற்கும். அதன் இழுவையை வால் சுக்கானான ரட்டரால் சமாளிக்க வேண்டும். 65 குதிரைச் சக்தியில் இதையெல்லாம் சும்மா கொடுக்க என்னிடம் மிச்சம் கிடையாது.

ஆனாலும் உடனே ஸ்ட்ரட்டைத் தொடவில்லை. சறுக்கலைக் காட்டும் கருவியில் பந்து நடுவில் இல்லாமல் பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டு பறந்தாலே ஒரு இறக்கை கனத்தது போலத் தெரியும். அதனால் காற்று அசையாத விடியற்காலையில் ஏறி, காலால் பந்தை நடுவில் நிறுத்தி, அதற்கப்புறம் கையில் பிடிக்கும் கட்டுப்பாட்டுக் கோலை, ஸ்டிக்கை, விட்டுப் பார்த்தேன். பெட்ரோல் தொட்டி நடுவில் இருப்பதால் அதன் எடை ஒரு பக்கம் சாய்க்கிறது என்ற சந்தேகமும் இல்லை. அப்போதும் இடதுதான் இறங்கியது. தரையில் அளந்ததும் ஆகாயத்தில் கண்டதும் ஒத்துப்போனது எனக்குப் பெரிய திருப்தி.

இடது பின் ஸ்ட்ரட்டைக் குறைத்தால் பின் விளிம்பு இறங்கி அந்தப் பக்கம் தூக்குவிசை கூடும். வலது பின் ஸ்ட்ரட்டை நீட்டினால் அந்தப் பக்கம் குறையும். இரண்டுமே வழிதான். நான் வலதைத்தான் அதிகம் நீட்டினேன். நுனியில் முறுக்கு தாராளமாக இருக்கும் இறக்கையில் வேகம் குறையும்போது வேர்ப் பக்கம் முதலில் ஸ்டால் ஆகும், அதாவது தூக்குவிசையை இழக்கும், நுனியும் அய்லரானும் கடைசிவரை பிடி கொடுக்கும். அந்தப் பாதுகாப்பைக் குறைத்து நேர்த்தி வாங்க எனக்கு மனசில்லை. நீ கணக்குப் போட்டு வேறு சொன்னாலும் இதில் நான் மாற மாட்டேன்.

போல்ட்டைக் கழற்றும் முன் இறக்கையின் நீள உத்தரமான ஸ்பாருக்கு அடியில் பஞ்சு வைத்த தாங்கி கொடுத்தாயிற்று. ஃபோர்க்கை அரை அரைச் சுற்றாகத்தான் திருப்ப முடியும், இல்லையென்றால் போல்ட் துளை நேருக்கு வராது. என்னுடையது அங்குலத்துக்கு 24 மரை. ஒரு முழுச் சுற்றுக்கு ஸ்ட்ரட் ஒரு மில்லிமீட்டர் சொச்சம் நீளும். ஸ்ட்ரட் சாய்ந்து நிற்பதால் ஸ்பார் அதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரும். கோணத்தில் சுமார் 0.15 டிகிரி. நீட்டும்போது ஃபோர்க்கின் மரை குழலுக்குள் போதுமான ஆழம் இருக்கிறதா என்று சோதனைத் துளையில் கம்பி விட்டுப் பார்த்துவிடுவேன். கம்பி உள்ளே புகுந்தால் அங்கே மரை இல்லை, நிறுத்திவிட வேண்டும். லாக் நட்டை இறுக்கி, அதன் மேல் சிவப்பு பெயின்டில் ஒரு கோடு. ஸ்ட்ரட்களுக்குக் குறுக்கே போகும் கம்பிகளை இறுக்கித் தளர்த்தும் டர்ன்பக்கிளையும் கூடவே திருத்த வேண்டும். மூன்று மரைக்கு மேல் வெளியே தெரியக் கூடாது, திருத்தியதும் கழலாமல் இருக்கப் பழையபடி சேஃப்டி வயர்.

ஒரு திருத்தம், ஒரு பறத்தல். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது எதைச் செய்தது என்று பிரிக்க முடியாது. ஒவ்வொரு தடவையும் உயரத்தில் ஏறி ஸ்டால் செய்து, எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டு இறங்கினேன். இப்போது மூக்கு நேராகவே தாழ்கிறது, இறக்கை சாய்வதில்லை. மட்டமாகப் பறக்கும்போது ஸ்டிக்கை விட்டால் அப்படியே போகிறது, மாப்ளே! 120 கிலோமீட்டர் வேகத்தில், தலைக்கு மேலே இறக்கை, கீழே மக்காச்சோளக் காடு, இரண்டு கையும் என் தொடை மேல்.

இதெல்லாம் முடிந்த பிறகு நீ சொன்ன தகடும் வைத்தேன், ரட்டரில். எஞ்சின் காற்று சுழன்று வந்து வாலில் மோதுவதால் மூக்கு கொஞ்சம் இடப்பக்கம் போகத்தான் செய்யும், அதை ஸ்ட்ரட்டால் தீர்க்க முடியாது. தகட்டை இடப்பக்கம் வளைத்தால் ரட்டர் வலப்பக்கம் போகும். விரலால் இம்மி இம்மியாக வளைத்தேன். ஏற்றத்தில் இன்னும் வலது கால் வேண்டும், மட்டமாகச் சீராகப் போகும் குரூஸில் வேண்டாம். அது போதும்.

சான்றிதழ் பெற்ற எஞ்சினும் அதற்குரிய புரொப்பெல்லரும் என்பதால், வீட்டில் கட்டும் இந்த வகை விமானத்துக்கு இங்கே விதித்திருக்கும் சோதனைக் காலம் 25 மணி நேரம்தான், இல்லையென்றால் 40. அது முடியும் வரை பயணி யாரையும் ஏற்றக் கூடாது. நீ ஜூலையில் மகள் வீட்டுக்கு சிகாகோ வரும்போது முடிந்திருக்கும். ஆஷ்காஷ் விமான விழாவுக்கு முந்தைய வாரக்கடைசியில் விஸ்கான்சினில் ப்ரோட்ஹெட் புல்தரை விமானநிலையத்தில் பீட்டன்போல்கள் கூடும். அங்கே போகலாம். முன் இருக்கை ஈர்ப்பு மையத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால் நீ ஏறினாலும் சமநிலை அதிகம் நகராது. இருந்தாலும் தாளில் கணக்குப் போட வேண்டும், மொத்த எடையும் பார்க்க வேண்டும். உன் எடையைக் கிலோவில் எழுதி அனுப்பு, சட்டை ஷூ எல்லாம் சேர்த்து.

பேரனின் கிளைடர் எந்தப் பக்கம் திரும்புகிறது என்றும் எழுது.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்