அரக்கோணம் போகும் மகளுக்கு

அன்புள்ள கண்ணுக்கு,

டிசம்பர் லீவில் ரயில் படம் எடுக்க, கேமராவோடு அரக்கோணம் ஸ்டேஷனில் ஒரு நாள் நிற்கப் போவதாகச் சொன்னாயே, நல்ல இடம்தான் பிடித்திருக்கிறாய். சென்னை, காட்பாடி, ரேணிகுண்டா, செங்கல்பட்டு என்று நாலு பக்கமும் வண்டி வரும். மின்சார இன்ஜின்களைப் பராமரிக்கும் எலெக்ட்ரிக் லோகோ ஷெட்டும் அங்கேயே இருக்கிறது.

முதலில் வெயிலைப் பார். சென்னை–காட்பாடி மெயின் லைன் அங்கே ஏறக்குறைய கிழக்கு மேற்காக ஓடுகிறது. அதனால் காலையில் சென்னைக்குப் போகும் வண்டிக்குத்தான் முகத்தில் வெளிச்சம் விழும். சென்னையிலிருந்து வருவதெல்லாம் முகம் இருண்டுதான் வரும். மத்தியானம் மூன்றுக்கு மேல் இது தலைகீழ். டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும், ஆகவே தண்டவாளத்துக்குத் தெற்கே நில். இதே இடத்துக்கு மே, ஜூன், ஜூலையில் போனால் உச்சிச் சூரியன் வடக்கே இருக்கும், பக்கத்தை மாற்றிக்கொள். இதைப் பார்க்காமல் போய்க் கறுத்த இன்ஜின்களாக எடுத்து வந்து கேமராவைத் திட்டுகிறவர்கள் நிறைய.

நிற்காமல் போகும் வண்டி வருவதை ஸ்டார்ட்டர் சிக்னலே, அதாவது ஸ்டேஷனை விட்டுக் கிளம்ப அனுமதி தரும் சிக்னலே, சொல்லிவிடும். பிளாட்பாரத்தின் கிழக்கு முனையில், வண்டி இல்லாத லைனுக்குப் பச்சை விழுந்தால் மேற்கிலிருந்து ஒன்று வருகிறது என்று அர்த்தம். சிக்னலுக்கு முதுகைக் காட்டிக் காட்பாடிப் பக்கம் திரும்பி நில். ஆப்பில் காட்டும் நேரத்தைவிட இதை நம்பலாம். சரக்கு வண்டி எந்த ஆப்பிலும் வராது.

ஷட்டர் வேகம் 1/1000 நொடியைவிட மெதுவாக வேண்டாம். மணிக்கு 100 கிலோமீட்டரில் வரும் வண்டி நொடிக்கு 28 மீட்டர் போகிறது. 1/250 வைத்தால் அதற்குள் 11 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும், இன்ஜின் நம்பர் தீற்றலாகிவிடும். 1/1000ல் 3 சென்டிமீட்டருக்குள் நிற்கும். ஆனால் லோக்கல் வண்டிகளின் எல்இடி பெயர்ப் பலகைக்கு இது ஒத்துவராது. அந்த விளக்குகள் அணைந்து அணைந்து எரிவதால் பாதி எழுத்துதான் பதியும். வண்டி நின்றபின் 1/125ல் தனியாக எடு.

மேலே போகும் மின்கம்பியைத் தாங்கும் ஓஹெச்இ கம்பம்தான் பெரிய தொல்லை. இன்ஜின் முகம் இரண்டு கம்பங்களுக்கு நடுவில் வரும் இடத்தை முன்பே பார்த்து அங்கே ஃபோகஸ் செய்துவிடு. இன்ஜினின் கூரையிலிருந்து கம்பியைத் தொடும் பான்டோகிராஃப் வெட்டுப்படாமல் மேலே கொஞ்சம் வானம் விடு.

பத்து மணிக்கு மேல் லென்ஸை 200 எம்எம் வரை ஜூம் செய்து தூரத்து வண்டியை இழுத்து எடுக்காதே. ஜல்லியும் தண்டவாளமும் சூடேறி மேலே காற்று அலைபாயும், படம் தண்ணீருக்குள் எடுத்தது போல் குழையும். ஃபோகஸ் தப்பு என்று நினைத்து லென்ஸை நோண்டுவார்கள், அது லென்ஸின் குற்றமில்லை. வண்டியைப் பக்கத்தில் வரவிட்டு 70 எம்எம்மில் எடு.

வெயில் உச்சிக்கு ஏறிய நேரத்தில் படம் எடுக்காமல் இன்ஜின் நம்பர்களைக் குறித்துக்கொள். ஐந்து இலக்கத்தில் 22 என்று தொடங்கினால் பெரும்பாலும் டபிள்யூஏபி-4, 30 என்றால் பெரும்பாலும் டபிள்யூஏபி-7, இரண்டும் பயணிகள் வண்டி இழுக்கும் மின்சார இன்ஜின் வகைகள். ஏபி-4 இப்போது புதிதாகக் கட்டுவதில்லை, கண்ணில் பட்டால் விடாதே. இன்ஜினில் ஏஜேஜே (AJJ) என்று எழுதியிருந்தால் அது அரக்கோணம் ஷெட்டு இன்ஜின்.

பிளாட்பாரம் டிக்கெட் 10 ரூபாய், இரண்டு மணி நேரம்தான் செல்லும். முடிந்ததும் வெளியே போய் இன்னொன்று எடு. ரயில்வே பாதுகாப்புப் படை (ஆர்பிஎஃப்) காரர் கேட்டால் டிக்கெட்டையும் எடுத்த படத்தையும் காட்டு, வாதாடாதே. தண்டவாளத்தில் இறங்கினால் ரயில்வே சட்டம் 147வது பிரிவில் வழக்குப் போடுவார்கள், ஆறு மாதம் வரை சிறை உண்டு. தலைக்கு மேலே ஓடுவது 25,000 வோல்ட், அதனால் மேம்பாலத்தில் நின்று செல்ஃபி ஸ்டிக்கை நீட்டவே கூடாது. ஃபிளாஷும் கூடாது, லோகோ பைலட்டுக்குக் கண் கூசும். பக்கத்தில் ஐஎன்எஸ் ராஜாளி கடற்படை விமானத் தளம் இருக்கிறது. விமானம் தாழப் பறந்தாலும் லென்ஸைத் தூக்காதே, ரயிலோடு நிறுத்திக்கொள்.

பேட்டரி இரண்டு, தொப்பி, தண்ணீர் எடுத்துக்கொள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் டிசம்பர் வெளிச்சம் சீக்கிரம் போய்விடும். கேமராவின் ஒளி உணர்திறனை, அதாவது ஐஎஸ்ஓவை, 3200 வரை ஏற்று, ஷட்டர் வேகத்தைக் குறைக்காதே.

அன்புடன்,
அம்மா