நாவலாசிரியரின் நாளும் வேலூர் வெயிலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எழுத்தாளர்களின் அன்றாட ஒழுங்கைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வந்த கட்டுரையைப் படித்தேன். விடியற்காலை 4 மணிக்கு எழுந்து, நாள்தோறும் 1,000 சொற்களுக்குக் குறையாமல் எழுதினால் எவரும் ஓராண்டுக்குள் ஒரு நாவலை முடித்துவிடலாம் என்று அதில் கூறப்பட்டிருந்தது. அலுவலகமொன்றின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே இரண்டு நாவல்களை முடித்து, மூன்றாவதில் பாதி வழியில் நிற்பவன் நான். அந்த அறிவுரையை எழுத்துப் பிசகாமல் பின்பற்றி அவதிப்பட்டவன் என்பதாலேயே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முதல் நாவலைத் தொடங்கியபோது நானும் 4 மணிக்குத்தான் எழுந்தேன். ஏழு வாரங்கள் தாக்குப்பிடித்தது. முதல் மூன்று வாரங்களில் குவிந்த பக்கங்களைக் கண்டு எனக்கே பெருமையாக இருந்தது. ஐந்தாவது வாரத்தில் மதிய உணவுக்குப் பின் மேசையிலேயே கண் சொருகத் தொடங்கியது. ஆறாவது வாரத்தில் பற்றில் போடவேண்டிய தொகையை வரவில் பதிந்து, அதைத் தேடிப் பிடிக்க மேலாளரோடு சேர்ந்து இரண்டு நாள் அலைந்தேன். ஏழாவது வாரத்தில் ஒரு மைத்துனர் திருமணம், அதன் தொடர்ச்சியாக ஒரு காய்ச்சல். அப்போது மூடிய நோட்டுப் புத்தகத்தை மீண்டும் திறக்க எனக்கு ஒன்பது மாதங்கள் ஆயின. இத்தனைக்கும் அந்த ஏழு வாரத்துப் பக்கங்களில் நாவலுக்குள் தங்கியவை மிகச் சில. எண்ணிக்கைக்காக எழுதப்பட்ட பக்கத்தில் கதைமாந்தர்கள் தேவைக்கு மேல் தேநீர் குடிப்பார்கள், வானத்தைப் பார்ப்பார்கள். என்னுடையவர்களும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

இத்தகைய கட்டுரைகளில் தவறாமல் இடம்பெறுபவர் ஜப்பானிய நாவலாசிரியர் ஹாருகி முரகாமி. அவர் நாவல் எழுதும் காலத்தில் 4 மணிக்கு எழுந்து ஐந்தாறு மணி நேரம் எழுதுவதும், பின்னர் ஓடுவதோ நீந்துவதோ உண்டு என்பதும் உண்மை. ஆனால் தாம் நடத்திவந்த ஜாஸ் இசை விடுதியை 1981-இல் விற்றுவிட்டு முழுநேர எழுத்தாளரான பின்னரே அந்த ஒழுங்கு அவருக்கு அமைந்தது என்பதை எவரும் எழுதுவதில்லை. ஆங்கில நாவலாசிரியர் அந்தோணி டிரோலப்போ என்னைப் போல ஓர் அலுவலகக்காரர். அஞ்சல் துறையில் 33 ஆண்டுகள் பணியாற்றியவர், காலை ஐந்தரைக்கே மேசையில் அமர்ந்து, கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 சொற்கள் வீதம் எழுதியவர், மொத்தம் 47 நாவல்களை முடித்தவர். அவரைக் காலையில் எழுப்பிக் காப்பி கொண்டுவந்து கொடுப்பதற்கென்றே, குதிரை பராமரிக்கும் பணியாளுக்கு ஆண்டுக்கு 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்துவந்ததை அவரே பதிவுசெய்திருக்கிறார். காவிரித் தண்ணீர் குழாயில் எந்த நேரத்தில் வரும் என்று தெரியாமல் குடங்களை வரிசையாக வைத்துக்கொண்டு விழித்திருக்கும் வீட்டில், அந்த 5 பவுண்டு வேலையை யார் செய்கிறார்கள் என்ற கேள்வி முதலில் எழவேண்டும். என் வீட்டில் அதை நீண்டகாலம் செய்தவர் என் மனைவி. அதற்குச் சம்பளமும் இல்லை, நன்றியுரைப் பக்கத்தில் ஒரு வரியைத் தவிர வேறு பதிவும் இல்லை.

சொற்கணக்கைப் பற்றியும் ஒரு திருத்தம் தேவை. ஆங்கில எழுத்தாளர்களின் கணக்கைத் தமிழுக்கு அப்படியே எடுத்துக்கொள்வது சரியன்று. ‘எழுதிக்கொண்டிருந்தேன்’ என்பது நமக்கு ஒரே சொல். அதே பொருளை ஆங்கிலத்தில் சொல்ல மூன்று சொற்கள் வேண்டும். ‘வீட்டிலிருந்து’ என்பதும் அப்படியே. வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும் மொழியில் 1,000 சொல் என்பது அவர்களுடைய 1,000 சொல்லைவிடக் கணிசமாகப் பெரிய வேலை. இது புரியாமல், தம்மைச் சோம்பேறிகள் என்று நினைத்து எழுத்தை விட்டுவிட்ட இளைஞர்கள் இருவரை நானே அறிவேன்.

இப்போது நான் கடைப்பிடிக்கும் முறை மிக எளியது. காலை ஐந்தேகாலுக்குத் தொடங்கி 6 மணி வரை, முக்கால் மணி நேரம், 200 சொற்கள், வாரத்தில் ஐந்து நாள். ஆண்டில் 40 வாரங்கள் இது நடந்தால் 40,000 சொற்கள் சேரும். அச்சில் ஏறத்தாழ 200 பக்கம். எஞ்சிய 12 வாரங்களை நான் முன்கூட்டியே கழித்துவிடுகிறேன். மார்ச் மாதம் ஆண்டுக் கணக்கு முடிப்பு; அந்த நான்கு வாரங்களில் மூளையில் எண்களைத் தவிர வேறெதற்கும் இடமில்லை. அதை அடுத்து வேலூர் வெயில். தண்ணீரில்லாத ஆறு, மரமில்லாத மலை என்று எங்கள் ஊரைக் கேலி செய்யும் பழைய பேச்சை வாசகர்கள் கேட்டிருப்பார்கள். மலையடிவாரத்தில் சத்துவாச்சாரியில் குடியிருப்பவர்களுக்கு அது கேலியாகத் தோன்றாது. பகலெல்லாம் காய்ந்த மொட்டைப் பாறைகள் இரவு வெகுநேரம் வரை அனலைக் கக்கிக்கொண்டிருக்கும். கத்திரி வெயில் காலத்தில் நள்ளிரவு தாண்டித்தான் உறக்கமே பிடிக்கிறது. அத்தகைய இரவுக்குப் பின் ஐந்து மணிக்கு எழுந்து புதிதாக எழுதுவேன் என்று சபதம் செய்பவர் தம்மைத்தாமே ஏமாற்றிக்கொள்கிறார். அந்த ஆறு வாரங்களில் நான் ஏற்கெனவே எழுதியதைப் படிப்பதும் அடித்துத் திருத்துவதும் மட்டும்தான். மீதமுள்ள இரண்டு வாரங்கள் கல்யாணத்துக்கும் காய்ச்சலுக்கும். விடுமுறையை அட்டவணைக்குள்ளேயே சேர்த்துவிட்டதால், எழுதாத நாளில் குற்றவுணர்வு வருவதில்லை. ஒன்பது மாத இடைவெளியும் பிறகு ஒருமுறைகூட நேரவில்லை.

இதில் முக்கியமான ஒன்றை நான் குடியாத்தத்தில் கற்றுக்கொண்டேன். இப்போது எழுதும் நாவல் பீடி சுற்றும் குடும்பம் ஒன்றைப் பற்றியது. அதற்காக மாலை வேளைகளில் அங்கே போய்ப் பேசிக்கொண்டிருப்பேன். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு கூலி என்ற கணக்கில் வேலை செய்யும் பெண்கள் காலையில் இலையைத் தேடிக்கொண்டு உட்காருவதில்லை. முந்தைய இரவே இலையை நனைத்து, ஈரத்துணியில் சுற்றிப் பதப்படுத்தி, தகட்டு அளவு வைத்துக் கத்தரித்து அடுக்கிவிடுகிறார்கள். காலையில் முறத்தை மடியில் வைத்தால் கை உடனே சுற்றத் தொடங்கிவிடும். ‘ராத்திரி இலை வெட்டலைன்னா அன்னிக்குப் பொழுது போச்சு சார்’ என்று ஒரு பெரியம்மா சொன்னதைக் கேட்டுவிட்டு வந்த அன்றுதான், மறுநாள் எழுதவேண்டிய காட்சியின் முதல் வாக்கியத்தை இரவு படுக்கப் போகுமுன் பாதி எழுதி நிறுத்தும் பழக்கத்தைத் தொடங்கினேன். அதற்கு ஐந்து நிமிடம் போதும். ஆனால் காலையின் முக்கால் மணி நேரத்தில் 20 நிமிடத்தை அது மிச்சப்படுத்துகிறது.

வடார்க்காட்டில் இப்படி எழுதுவது புதிதன்று. வேலம் என்ற சிற்றூரைச் சொந்த ஊராகக் கொண்ட மு. வரதராசனார் திருப்பத்தூர் வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர், பின்னர் ஆசிரியரானவர், 1939 முதல் பச்சையப்பன் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே நாவல்களையும் குறள் உரையையும் எழுதியவர். 1961-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றபோதும் அவர் பேராசிரியர்தான். அந்தத் தலைமுறையில் பலருக்கு வார இதழ்த் தொடர்கதை என்ற கெடு இருந்தது. அச்சுக்குப் போகவேண்டிய நாள் வந்தால் அத்தியாயம் வந்தே தீரவேண்டும். அந்தக் கெடு இன்று ஏறக்குறைய இல்லாமற் போய்விட்டது; எனவே கெடுவையும் எழுத்தாளரே தமக்குத் தாமே விதித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. என் நண்பர் ஒருவரிடம் மாதத்தின் முதல் ஞாயிறன்று ஒரு அத்தியாயத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அவர் படிக்கிறாரோ இல்லையோ, வாங்கி வைத்துக்கொள்கிறார்.

தங்களுக்கு இரண்டு வேண்டுகோள்கள் உண்டு. எழுத்தாளர்களைத் தாங்கள் பேட்டி காணும்போது, எத்தனை மணிக்கு எழுகிறீர்கள் என்பதோடு, எழுத முடியாத வாரத்தில் என்ன செய்கிறீர்கள், அந்த நேரத்தில் வீட்டு வேலையை யார் பார்க்கிறார்கள் என்பவற்றையும் கேட்டு வெளியிடவேண்டும். அடுத்ததாக, மாவட்டங்களில் வேலை பார்த்துக்கொண்டே எழுதும் புதியவர்களுக்கு, ஞாயிறு இணைப்பில் பத்துப் பன்னிரண்டு வாரம் ஓடும் குறுந்தொடர் ஒன்றுக்கு இடம் ஒதுக்கலாம். அரைப் பக்கம் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
சத்துவாச்சாரி, வேலூர்.