எதிர்ல வர்ற புதுக் கடை பத்தி

மாப்ள,

லெட்டர் வந்துச்சுடா. இங்க எல்லாரும் நல்லாருக்கோம், அம்மாவுக்கு கண் ஆபரேஷன் முடிஞ்சு இப்ப பேப்பர் படிக்கிற அளவுக்கு தேறிட்டாங்க. உன் பேக்கரிக்கு எதிர்லயே பெரிய செயின் கடை வருதுன்னு எழுதியிருந்தியே, அதுலருந்து என் நெனப்பெல்லாம் அங்கதான்.

லோன் போட்டு ஏசி, புது ஷோகேஸ்னு மாத்தலாமான்னு கேட்ருக்க. வேணாம்டா. கண்ணுக்குத் தெரியறத காசிருக்கற எவனும் ஒரே மாசத்துல பண்ணிருவான், காசு அவன்கிட்டதான் ஜாஸ்தி.

அருண் ஐஸ்கிரீம் கதை தெரியும்ல? 1970ல சந்திரமோகன் 13,000 ரூபாய வச்சு ராயபுரத்துல ஆரம்பிச்சது. அப்ப சென்னைல தாசப்பிரகாஷ், குவாலிட்டின்னு பெரிய பேருங்க. அவங்ககூட மோதாம காலேஜ் கேன்டீன், கப்பல்னு சப்ளை பண்ணி, அப்புறம் அவங்கல்லாம் எட்டிப் பாக்காத சின்ன ஊருங்களுக்குப் போனாரு. ஐஸ்கிரீம் மைனஸ் 18 டிகிரில கிடக்கணும், கொஞ்சம் உருகி திரும்ப உறைஞ்சா வாய்ல நறநறன்னு இருக்கும், அப்ப அவ்ளோ தூரம் உருகாம கொண்டு சேக்கணும்னா வண்டி, ஃப்ரீசர், கரண்ட் போனா என்ன பண்றது, எந்தக் கடைக்காரர நம்பறதுன்னு ஒண்ணொண்ணா கட்டணும். டேஸ்ட்ட காப்பியடிக்கலாம், அந்த லைன காப்பியடிக்க வருஷக்கணக்கா ஆகும். அதோட விடல, பாலையும் நேரா விவசாயிங்ககிட்டயே வாங்க ஆரம்பிச்சாங்க, அதான் ஹட்சன் பால் கம்பெனி. பால் ஊத்தறவங்களுக்கு பால்ல கொழுப்பு (ஃபேட்) எவ்ளோ, கொழுப்பு போக மத்த சத்து (எஸ்என்எஃப்) எவ்ளோன்னு பாத்து சரியா ரேட்டு போட்டு, காசு சொன்ன தேதில வந்துட்டா, அடுத்தவன் கொஞ்சம் கூடத் தரேன்னாலும் சட்டுனு மாற மாட்டாங்க.

அந்த மாதிரி உன்கிட்ட இருக்கறது காலைல அஞ்சு மணிக்கு டீக்கடைங்களுக்குப் போற பன்னும் ரஸ்க்கும்தான். எந்தக் கடைக்கு எத்தன பாக்கெட், யாரு சனிக்கிழமை செட்டில் பண்ணுவாரு, திருவிழான்னா யாருக்கு டபுளா வேணும்னு உன் வண்டிக்காரத் தம்பிக்கு அத்துப்படி. செயின் கடைக்காரன் எதிர்ல கடை போட்டதால மட்டும் இது அவனுக்கு வந்துராது. ஆனா தானா நிக்கற விஷயமும் இல்ல, ஒரு வாரம் வண்டி லேட்டானா டீக்கடைக்காரர் வேற ஆள பாத்துருவாரு, அந்தத் தம்பி வேலைய விட்டா மொத்தக் கணக்கும் அவனோடயே போயிரும். அதனால மொதல்ல எல்லாத்தையும் நோட்டுல ஏத்து, அவன் சம்பளத்தையும் ஏத்து. லோன் வாங்கியே ஆகணும்னா இன்னொரு வண்டிக்கு வாங்கு, சுத்துப்பட்டு ஊருங்கள்ல நீ இன்னும் போகாத டீக்கடை எவ்ளோ இருக்கு.

அடுத்த மாசம் தங்கச்சி கல்யாணத்துக்கு கண்டிப்பா வரணும், வர்றப்ப அந்தக் கடை லிஸ்ட்டையும் கொண்டா, உக்காந்து பாக்கலாம். வீட்ல எல்லாரையும் கேட்டதா சொல்லு.