நாற்பத்தொரு வயதில் பட்டம் விட்டேன், அக்கா

சிங்கப்பூர்,
ஜூலை, ஞாயிறு இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் நலம். அங்கே நீ, அத்தான், பிள்ளைகள் எல்லாரும் நலமா? அம்மாவின் முட்டிவலி தேவலையா?

போன வாரம் போனில் நீ சொன்னது மனசிலேயே நிற்கிறது. “லீவு நாளில் ரூமிலேயே இரு, அந்த ஊரில் வாசலைத் தாண்டினாலே காசு” என்றாயே. முதல் இரண்டு வருஷம் நான் அப்படித்தான் இருந்தேன். ஆஃப் கிடைத்தால் துணி துவைப்பேன், சாம்பார் வைப்பேன், கட்டிலில் படுத்தபடி போனில் சீரியல் பார்ப்பேன். காசு மிச்சம்தான். ஆனால் மறுநாள் ஆஸ்பத்திரி வார்டுக்குப் போகும்போது லீவே எடுக்காத மாதிரி உடம்பு கனக்கும்.

இப்போது அப்படி இல்லை. பத்து வெள்ளிக்குள் (இங்கே டாலரை வெள்ளி என்பார்கள்) ஒரு நாளை ஓட்டக் கற்றுக்கொண்டுவிட்டேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இங்கே கோடை என்று தனியாக ஒன்று கிடையாது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் வருஷம் பூராவும் ஏழு மணி வாக்கில் விடியும், ஏழு மணி வாக்கில் இருட்டும். நம்மூர்க் கத்திரி மாதிரி கொளுத்தாது, ஆனால் வேர்வை நிற்கவே நிற்காது. ஜூனில் பள்ளிக்கூடம் லீவு, அதை வைத்துக் கோடை என்று நாமாகச் சொல்லிக்கொள்ள வேண்டியதுதான். சில நாள் விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து காற்றும் மழையுமாக வந்து ஒரு ஆட்டம் ஆடிவிட்டுப் போகும். அதனால் பையில் குடை எப்போதும் உண்டு. தண்ணீர் பாட்டிலும் உண்டு. குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம் என்கிற ஊரில் கடையில் தண்ணீர் வாங்குவது தெண்டச் செலவு.

செம்பவாங்கில் ஒரு வெந்நீர் ஊற்று இருக்கிறது. 1909இல் கண்டுபிடித்தார்களாம். 2020இல் அதைப் பெரிய பூங்காவாக்கித் திறந்திருக்கிறார்கள், நுழைவுக் கட்டணம் இல்லை. ஊற்றில் தண்ணீர் 70 டிகிரிச் சூட்டில் வருகிறது. ஜனங்கள் வாளியும் முட்டையுமாக வருகிறார்கள், அக்கா! குழாயைத் திறந்து வாளியில் சுடுதண்ணீர் பிடித்து, முட்டைகளைப் போட்டு மூடி வைத்துவிட்டுக் கதை பேசுகிறார்கள். நானும் என்கூட வேலை பார்க்கும் மலையாளப் பெண்ணும் ஆறு முட்டை கொண்டுபோனோம். பத்து நிமிஷத்தில் ஒன்றை உடைத்தேன், வெள்ளைக்கரு சளசளவென்று கை வழியே முழங்கை வரைக்கும் ஓடியது. பக்கத்திலிருந்த சீன ஆன்ட்டி சிரித்துவிட்டு, எங்கள் வாளித் தண்ணீரைக் கொட்டிப் புதுச் சுடுதண்ணீர் பிடிக்கச் சொல்லிக் கையாலேயே காட்டினார். அரை மணி கழித்து எடுத்தால் மஞ்சள் கரு அல்வா மாதிரி இருந்தது. உப்பு, மிளகுத்தூள் நான் கொண்டுபோயிருந்தேன். அந்த ஆன்ட்டிக்கும் ஒரு சிட்டிகை கொடுத்தேன்.

அங்கேயே படிப்படியாகத் தண்ணீர் ஆறி இறங்கும் தொட்டிகள் உண்டு. கீழ்த்தொட்டியில் கால் பொறுக்கும் சூடுதான். பன்னிரண்டு மணி நேரம் நின்ற காலை அதில் விட்டபோது அம்மா ஞாபகம்தான் வந்தது. தாம்பாளத்தில் உப்புத் தண்ணீர் ஊற்றிக் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளே.

அப்புறம் பூமலை. பெட்டானிக் கார்டனை இங்குள்ள தமிழர்கள் அப்படித்தான் சொல்வார்கள். 1859இல் ஆரம்பித்த தோட்டம், 2015இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. காலை ஐந்து மணியிலிருந்து நடு ராத்திரி வரைக்கும் திறந்திருக்கும். ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும்தான் டிக்கெட், நான் அதற்குள் போவதில்லை. இங்கே ஐந்து வெள்ளித் தாளின் பின்பக்கம் ஒரு மரம் இருக்கும், தரையோடு தரையாக ஒரு கிளை நீட்டிக்கொண்டு. அந்தத் தெம்புசு மரம் இங்கேதான் நிற்கிறது. தாளை மரத்துக்கு நேரே பிடித்து ஒப்பிட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் வரைந்திருக்கிறார்கள். தாளை மடித்துத் திரும்பப் பர்ஸில் வைத்துக்கொண்டேன்.

சாங்கியிலிருந்து உபின் தீவுக்குப் படகில் ஆளுக்கு 4 வெள்ளி. பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் கிளம்புவார்கள், நம்மூர் ஷேர் ஆட்டோ கதைதான். அவசரமென்றால் காலி இடத்துக்கும் சேர்த்துக் காசு கொடுக்க வேண்டும். எனக்கென்ன அவசரம்? புளிசோற்றுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இதையெல்லாம் விடு. கடிதம் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

ஆடிக் காற்றில் சின்னண்ணன் பட்டம் விடுவானே, ஞாபகம் இருக்கிறதா? நீ பழைய வேட்டியைக் கிழித்து வால் கட்டுவாய், நான் சோற்றைப் பிசைந்து பசை வைப்பேன். அவன் நூலைப் பிடித்துக்கொண்டு களத்து மேட்டில் ஓடுவான், நாம் வேலியோரம் நின்று பார்ப்போம். ஒரு தடவை நூலைக் கொடு என்று கேட்டதற்கு “பொட்டப் புள்ளைக்கு எதுக்கு” என்றான்.

இங்கே மரினா அணைக்கட்டு என்று ஒன்று. கடல் வாய்க்குக் குறுக்கே கட்டி, இந்தப் பக்கம் நல்ல தண்ணீரைத் தேக்கி வைத்திருக்கிறார்கள். 2008இல் திறந்தது. அதன் கூரை முழுக்கப் புல்வெளி, சாய்வாக நடந்தே ஏறிவிடலாம். சாயங்காலமானால் பெரியவர்களும் பிள்ளைகளுமாக ஊரே அங்கே பட்டம் விடுகிறது. மூன்று வாரம் வேடிக்கை பார்த்தேன். நாலாவது வாரம் ஆறு வெள்ளிக்கு ஒரு பட்டம் வாங்கினேன்.

முதல் தடவை எழும்பவே இல்லை. இரண்டாவது தடவை எழும்பி, ஒரு சீனத் தாத்தாவின் நூலில் போய்ச் சிக்கிக்கொண்டது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவர் திட்டவில்லை. புல்லில் உட்கார்ந்து கால் மணி நேரம் சிக்கெடுத்தார். பிறகு என் பட்டத்தைத் தூக்கிக்கொண்டு தூரமாகப் போய் நின்று, இழு என்பதற்கு இங்கிலீஷில் “புல், புல்” என்றார். இழுத்தேன். ஏறிவிட்டது, அக்கா. நூல் ஆள்காட்டி விரலின் மேல் விட்டுவிட்டுத் துடித்தது. தினம் எத்தனை பேருக்கு நாடி பிடித்துப் பார்க்கிறேன், அதே துடிப்பு. ஒரு பக்கம் கடலில் கப்பல்கள், மறுபக்கம் உயரக் கட்டடங்கள். எனக்கு எதுவும் கண்ணில் படவில்லை, பட்டத்தின் வால் மட்டும்தான்.

இருட்டிய பிறகு பக்கத்திலேயே கரையோரப் பூந்தோட்டத்துக்கு நடந்துபோய், 8:45 மணி விளக்குக் காட்சியைப் பார்த்தேன். அங்கே மரம் மாதிரி இரும்பில் கட்டிய கோபுரங்கள் பாட்டுக்கு ஏற்றபடி நிறம் மாறும், அதற்கும் காசில்லை. அண்ணாந்து பார்த்துப் பார்த்து மறுநாள் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. வார்டில் ஒரு பாட்டி எனக்குத் தைலம் சிபாரிசு செய்தார்.

அடுத்த வாரம் முழுக்க நைட் டியூட்டி. பகலில் கூப்பிட்டு எடுக்கவில்லையென்றால் பதறாதே, தூங்கிக்கொண்டிருப்பேன். சின்னண்ணனைப் பார்த்தால் ஒன்று கேட்டுச் சொல்: பட்டத்தின் நடுவில் நூலை எத்தனை முடிச்சுப் போட்டு, எந்த இடத்தில் கட்டுவான்? கடைப் பட்டம் பிளாஸ்டிக், எனக்குப் பிடிக்கவில்லை. நம்மாட்கள் கடைகள் இருக்கும் தேக்காவில் தென்னந்துடைப்பம் கிடைத்தது, ஈர்க்குச்சிக்காக ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். எதற்கென்று கேட்டால் மட்டும் சொல்லிவிடாதே.

அன்புடன்,
உன் தங்கை