நோயாளியின் முகம் விளம்பரத்துக்கு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

மருத்துவமனைகள் ரீல்ஸ் போடுவதில் தவறில்லை. டெங்கு காலத்தில் எந்த அறிகுறி வந்தால் உடனே வர வேண்டும் என்று சொன்னால் ஊருக்கே உதவி. ஆனால் மயக்கம் தெளியாத நோயாளி, பிறந்து சில நிமிடங்களே ஆன குழந்தை, கண்ணீரோடு நன்றி சொல்லும் தாய் என எல்லாமே இப்போது விளம்பரமாகிறது. 2024இல் சென்னையில் யூடியூபர் ஒருவர் தன் குழந்தையின் தொப்புள்கொடியை வெட்டிய வீடியோ வெளியானபோது, அந்த மருத்துவமனை மீது அரசு நடவடிக்கை எடுத்தது.

அடையாளம் தெரியும்படி நோயாளியின் படத்தை அனுமதியின்றி இதழ்களில் வெளியிடக் கூடாது என்று 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறைகளே சொல்கின்றன. சமூக ஊடகத்துக்கென வழிகாட்டுதல் கொண்ட 2023ஆம் ஆண்டு விதிகளோ, வந்த மாதமே நிறுத்திவைக்கப்பட்டன. தேசிய மருத்துவ ஆணையம் அந்தப் பகுதியையாவது நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும்.

அனுமதி வாங்கினோம் என்பார்கள். சரி, எப்போது? டாக்டரையே நம்பிப் படுத்திருப்பவர் எப்படி மறுப்பார்? அவர் வீடு திரும்பிய பிறகு எழுத்தில் கேட்கட்டும். அப்புறம் மனம் மாறினால் வீடியோவை நீக்கவும் வேண்டும். கமெண்ட்டில் நோயைச் சொல்லிக் கேட்பவருக்கு அங்கேயே மருந்து எழுதாமல், நேரில் வரச் சொல்லட்டும்.

வாசகர், திருச்சி